முப்பத்தேழு

முகூர்த்தம் இல்லாத ஞாயிறுகளில்
பாகலூர் சாலைக் கல்யாண மண்டபத்தின்
சாப்பாட்டுக் கூடம் எங்களுக்கு இருநூறு ரூபாய்.
ஆடி வந்தால் நூற்றைம்பது.
ஓசூரில் ஆடிக்காகக் காத்திருப்பவர்கள்
நாங்கள் ஐந்து பேர்தான்.

முதலில் பெருக்குவோம்.
போன கல்யாணத்து அட்சதை ஒன்று
டைல்ஸ் இடுக்கில் கிடந்தாலும்
மண்டியிடும்போது முட்டி கண்டுபிடித்துவிடும்.
பாயசம் சிந்திய இடத்தை
வெந்நீர் ஊற்றித் துடைப்பான் தஸ்தகீர்.
அங்கேதான் வைகாசியில் முன்கால் வழுக்கி
முனிரத்னாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

டை செட் பண்ண வந்த ஜப்பான்காரர்
எட்டு மாதம் காட்டிக்கொடுத்தார்.
ஒப்பந்தம் முடிந்தது, போய்விட்டார்.
விட்டுப்போனவை இரண்டு:
உறையோடு ஒரு மழுங்கல் வாள்,
அவர் கற்றுக்கொண்ட ஒரே தமிழ்ச் சொல்,
"மெதுவா".

மரவாள்களை மத்திகிரித் தச்சர்
வேங்கையில் இழைத்துத் தந்தார்.
அழகு. கனம்.
மளிகைக்கடைத் தராசில் எண்ணூற்றி இருபது கிராம்.
இருநூறு அதிகம் என்று எனக்குச் சொன்னது
தராசு அல்ல,
வலது முழங்கையின் வெளிப்பக்க எலும்பு.

சொம்பைத் தூக்க முடியவில்லை.
சாவியைத் திருக முடியவில்லை.

பிசியோதெரபிஸ்ட் கௌசர் கேட்டாள், என்ன வேலை?
ஸ்கூட்டர் லைனில் டார்க் கன்.
ஷிப்டுக்கு ஆயிரத்து நூறு நட்டு.
அதோட?
துணி பிழிவேன். சிலிண்டர் உருட்டுவேன்.
அதோட?
வாள் வீசுவேன்.
பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாள்.
பிறகு சிரிக்காமல் சொன்னாள்:
உடம்பு தனித்தனி நோட்டு போடாதுக்கா,
எல்லாக் கடனும் ஒரே பக்கம்.

ஆறு வாரம் வாள் கூடாது.
நட்டுக்கு லீவு கிடைக்கவில்லை.

ஆறு வாரமும் போனேன்.
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து
மற்றவர்களின் வெட்டுகளை எண்ணினேன்.
கை சும்மா இருந்தபோதுதான்
கண்ணுக்கு வேலை வந்தது.
தஸ்தகீர் இருபதில் மூச்சைப் பிடிக்கிறான்.
முப்பதில் தோள் காதை நோக்கி ஏறுகிறது.
சுண்டுவிரலில் இருக்கவேண்டிய பிடி
முப்பத்தைந்தில் ஆட்காட்டி விரலுக்கு வந்துவிடுகிறது.
முப்பத்தேழில்
வாளை நிறுத்தவேண்டிய வயிறு விலகிக்கொள்ள
முழங்கை மட்டும் தனியாக நிற்கிறது,
தேன்கனிக்கோட்டை பஸ்ஸில்
படியில் தொங்குகிற ஆள் மாதிரி.

நிறுத்து என்றேன்.
நூறு சொன்னோமே என்றான்.
நூறு சொன்னது வாய்.
முப்பத்தேழு வரைக்கும்தான் வெட்டு,
மீதி அறுபத்து மூன்றும்
தப்பை மனப்பாடம் பண்ணுவது.

முறைத்தான்.
தண்ணீர் குடித்தான்.
அடுத்த வாரம் நாற்பத்தொன்றில்
அவனே நிறுத்தினான்.

ஏழாவது ஞாயிறு.
இருநூறு கிராமை இழைப்புளிக்குக் கொடுத்த வாளை எடுத்தேன்.
முட்டிக்கு, பேக்கிங் பெட்டியிலிருந்து வெட்டிய பஞ்சு.
சுண்டுவிரல், மோதிரவிரல்;
மற்ற விரல்கள் விருந்தாளிகள்.
பன்னிரண்டு வெட்டு.
பதின்மூன்றில் எலும்புக்குப் பக்கத்தில்
எறும்பு அளவுக்கு என்னவோ அசைந்தது.
வாளை இறக்கினேன்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
மழுங்கல் வாளை உறையில் போடும்போது
இடது கட்டைவிரலைப் பார்த்து, மெதுவா, என்றாள் முனிரத்னா,
ஜப்பான்காரர் குரலில்.

திங்கள், ஆறரை ஷிப்ட்.
தலைக்கு மேலே ஸ்பிரிங்கில் கன் தொங்குகிறது.
அறுநூற்று நாற்பதாவது நட்டில் தோள் ஏறுவது
இப்போது எனக்குத் தெரிகிறது.
தெரிந்து?
இறக்குகிறேன். மூச்சை விடுகிறேன்.
அதற்குள் அடுத்த வண்டி.

பக்கத்துத் தூணில்
நிறுத்துவதற்கென்றே ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது.
வண்டிக்கு ஏதாவது ஆனால்
அழுத்தச் சொல்லியிருக்கிறார்கள்.