மஞ்சள் அட்டை

"பிரேசில் பார்ட்டி" என்றான் ஜெர்ஷோன்.
பதினோரு வயது. கணுக்காலில் இன்னும் மைதானத்து மண்.
பிரேசில் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது.
அவனுக்கும் தெரியாது, கேட்டுப் பார்த்தேன்.
நிறம் தெரியும்: மஞ்சள், பச்சை.
கையில் இருந்த அறுநூறு ரூபாய்க்கு
ஒரு நாட்டைச் சின்னத்துறையில் இறக்கவேண்டும்,
சனிக்கிழமை நாலு மணிக்குள்.

கப்பு அடித்தால் விருந்து என்று
வாக்குக் கொடுத்தவர் கோச்.
கப்பு வள்ளவிளைக்குப் போனது,
அஞ்சுக்கு ஒன்று என்ற கணக்கில்.
கோச் அப்புறம் இந்தத் தெருவழியே வரவில்லை.
பிள்ளைகள் வந்தார்கள்.
வாசலில் நின்று ஒன்றும் கேட்காமல்
செருப்பால் மணலைக் கிளறினார்கள்.
அதுதான் என்னைச் செய்தது.

மார்த்தாண்டத்தில் மஞ்சள் பலூன் பாக்கெட்
நூற்றியிருபது என்றான் கடைக்காரன்.
கையில் எடுத்தேன், வைத்தேன்.
திரும்புகிற பஸ்ஸில், நின்றுகொண்டே யோசித்தேன்.
மரச்சீனி வேகும்போது மஞ்சள்பொடி போட்டால் மஞ்சள்.
ஏத்தன்பழம் மஞ்சள், சிப்ஸும் மஞ்சள்.
இலை பச்சை, காந்தாரி மிளகு பச்சை.
இத்தனை வருஷம்
பிரேசிலில்தான் சமைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்,
யாரும் சொல்லவில்லை.

சட்டைக்கு வழி: வீடு வீடாய்ப் பழைய வெள்ளைப் பனியன்.
பதினாலு தேறியது.
ஒன்றில் கக்கத்தில் ஓட்டை,
ஒன்றில் யாரோ அண்ணனின் பெயர் மையில்.
அண்டாவில் கால்கிலோ மஞ்சளோடு கொதிக்கவிட்டு
அவருடைய கிழிந்த வலைமேல் காயப்போட்டேன்.
அவர் தங்கலுக்குப் போயிருந்தார்.
கரையில் இருந்திருந்தால் வலையைச் சொல்லி
ஒரு பாட்டு விழுந்திருக்கும்.

எல்லாம் சரி, மெர்ஜின் மட்டும் போடமாட்டேன் என்றான்.
"நான் அர்ஜென்டினா."
அவனுக்கு அம்மை காணிக்கை மேரி கெஞ்சினாள், மிரட்டினாள்.
அப்பனின் நீலக்கோடு போட்ட துவர்த்தைத்
தோளில் கட்டிக்கொண்டு, அழப்போகிற முகத்தோடு
நடையில் நின்றான்.
பிள்ளைகள் முறைத்தார்கள்.
என் மகன் கொஞ்சநேரம் தலையைச் சொறிந்துவிட்டு
"லே, கோலிக்கு வேற கலர்தாம்லே சட்டம்" என்றான்.
சட்டம் என்றதும் வழிவிட்டார்கள்.

அதே வலையை இரண்டு தென்னைக்கு நடுவில் கட்டி
ஆளுக்கு மூன்று பெனால்ட்டி.
ஏழாவது பந்து ரோஸ்லெட் வீட்டுத் தகரத்தில்.
திட்டத்தான் வந்தாள்.
முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தவள்
கிழங்கையும் சாளைக்கறியையும் கண்டதும்
"ஒரு இல போடு" என்று உட்கார்ந்துவிட்டாள்.

போன வாரம் கடைசியாய்ப் போன அந்தக் கோல்,
மெர்ஜின் காலுக்கு நடுவில் உருண்டது,
அதை ஒருத்தரும் பேசவில்லை.
நான்தான், கறி ஊற்றுகிற போக்கில், வாய்தவறி
"மக்கா, அது எப்படிப் போச்சு?" என்று கேட்டுவிட்டேன்.
கரண்டி அந்தரத்தில் நின்றது.
அவன் மென்று விழுங்கி,
துவர்த்தால் வாயைத் துடைத்து,
"கப்பு போச்சுன்னா என்ன,
கப்ப வந்தாச்சுல்லா" என்றான்.
ஒருத்தன் மூக்குவழியே மோர் வந்தது.
பதினைந்து பேர் சிரித்ததில்
கோழிகள் கடற்பக்கம் ஓடின.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து
பனியன்களைத் துவைகல்லில் போட்டேன்.
பார்சோப்பை ஒரு இழுப்பு இழுத்தேன்.
மஞ்சள் சிவந்தது.
அடுத்ததும் சிவந்தது.
பதினாலு மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டை,
மொத்த அணியும் வெளியே.

கண்டால் அழுவானே என்று
வாளிக்குள் அமுக்கப் பார்த்தேன்.
பின்னாலேயே நின்றிருந்தான்.
ஒன்றை எடுத்துப் பிழிந்தான்,
வெயிலில் விரித்துப் பிடித்துப் பார்த்தான்.
"அம்மா, அடுத்தமட்டம் ஸ்பெயின்."

மிச்சம் பதினெட்டு ரூபாய்.
அந்த நாட்டில் என்ன தின்பார்களோ.
சிவப்பு என்றால் கவலையில்லை,
வத்தல் அரைத்த மீன்கறி
எங்கள் வீட்டில் தினமும் உண்டு.