முழுச்சொல் மட்டும்

ஒன்பது மடிக்கணினிகள்.
பாரிமுனையில் ஒரு கப்பல் முகவர் கடையை மூடியபோது
எடைக்குப் போகாமல் சபைக்கு வந்தவை.
ஒன்றில் யாரோ ஒரு குமாஸ்தா
பாதி அடித்து விட்டுப்போன சரக்குச் சீட்டு:
துத்தநாகக் கட்டிகள், எழுபத்திரண்டு டன்,
பெறுபவர் பெயர் காலி.

காசிமேடு. சபை மாடி. சனிக்கிழமை மதியம்.
கீழே ஐஸ் உடைக்கும் மெஷின் ஓடினால்
மேலே மின்விசிறி யோசிக்கும்.
எண்பத்தாறு சதவீதத்தில் நின்றது நிறுவல்.
நானும் பென்டிரைவைப் பிடித்தபடி நின்றேன்,
பிடுங்கினால் ஏதோ செத்துவிடும் என்பதுபோல.

நான்காவது கணினியில் உள்பேட்டரி போய்
தேதி இரண்டாயிரத்து ஒன்றில் கிடந்தது.
உரிமக் காலம் இன்னும் தொடங்கவில்லை என்றது மென்பொருள்.
வருடங்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கி
இன்றைக்குக் கொண்டுவந்து விட்டேன்.
சுனாமி வருடத்தைத் தாண்டும்போது மட்டும்
விரல் கொஞ்சம் மெதுவானது.

ஆறாவதில் எழுத்துரு இல்லை.
முதல் அதிகாரம் முழுக்கக் கட்டங்கள்,
எண்ணூர் சாலை யார்டில்
காலி கன்டெய்னர் அடுக்கியதுபோல்.
ஏழாவதில் தேவன் என்ற சொல்லின் கொம்பு
தனியே கழன்று
ஒரு புள்ளிவட்டத்தைப் பிடித்துத் தொங்கியது.
அதைச் சேர்த்துவைக்க ஒன்றரை மணி நேரம்.

ஆரம்ப மாணவர்கள். ஆகவே
எபிரெயுச் சன்னலை மூடினேன். கிரேக்கத்தையும்.
விளக்கவுரை பதினான்கையும் மறைத்தேன்.
வலப்பக்கம் நோட்டு, இடப்பக்கம் வசனம்,
மேலே ஒரு தேடல் பெட்டி. போதும்.
எழுத்தளவு இருபத்திரண்டு:
முக்கால்வாசிப் பேர் கண்ணாடியை மறந்துதான் வருவார்கள்.

ஆறரைக்கு வந்தார்கள்.
கிரேன் ஓட்டும் எலியேசர் மவுஸைத் தொட்டதும்
அம்புக்குறி திரைக்கு வெளியே ஓடிப்போனது.
நாற்பது டன்னை நூலளவு நகர்த்துகிற கை.

மீன் ஏலத்தில் நிற்கிற பூங்காவனம்
பெயர் கேட்ட பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"பாப்பா, ஞானஸ்நானப் பேரா, ரேஷன் கார்டு பேரா?"
எதுவானாலும் சரி என்றேன்.
இரண்டையும் சேர்த்து அடித்தாள், இடைவெளி விடாமல்.
கடவுச்சொல்லுக்குப் படகு எண்.
நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்;
ஆனால் அவள் சத்தமாகச் சொல்லிக்கொண்டேதான் அடித்தாள்.

தேடிப் பாருங்கள் என்றேன், எதையாவது.
ஒற்றை விரலால் வலை என்று எழுதினாள்.
திரை நிறைந்தது.
"இன்னா பாப்பா இது?
வலைன்னு கேட்டா கவலைன்னு கொட்டுது?"

அறையே சிரித்தது.
அமைப்புகளுக்குள் போய்
'முழுச்சொல் மட்டும்' என்பதில் டிக் போட்டேன்.
கவலைகள் நீங்கின.
கூடவே வலையை, வலையில், வலைகளோடு
எல்லாம் நீங்கின.
மிஞ்சியது கொஞ்சம் வரிகள்.
"என் வலைங்கோ எங்கே?" என்றாள்.

தமிழில் உருபுகள் ஒட்டும்,
மெஷினுக்கு அது தெரியாது என்று
விளக்க ஆரம்பித்தேன்.
அவள் அதற்குள் டிக்கை எடுத்துவிட்டாள்.
எப்படிக் கண்டுபிடித்தாளோ.
எல்லாம் திரும்பி வந்தன, கலந்தடித்து.

பிறகு எலியேசர் எதையோ அமுக்கிவிட்டு
கிரேக்கச் சன்னல் திறந்துகொண்டதும்,
மூட வந்த என் கையை அவர் தடுத்ததும்,
ஒரு சொல்லும் புரியாமல்
ஏழெட்டு நிமிடம் அதைப் பார்த்திருந்ததும் உண்டு.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

எட்டரைக்கு ஐஸ் மெஷின் மறுபடி.
திரைகள் மங்கின.
ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தேன்.
டீசல் பில்லின் பின்பக்கத்தில்
நடுவே ஒரு கோடு கிழித்து
இந்தப் பக்கம் வலை, அந்தப் பக்கம் கவலை என
குச்சி குச்சியாய்ப் போட்டுக்கொண்டிருந்தாள் பூங்காவனம்.

அணைக்கலாமா என்றேன்.

"இரு பாப்பா,
வலைல ஒண்ணு கொறையுது."