எண்பது மெழுகுவத்தி

வார்டோவில் நவம்பர் இருபத்தொன்பது.
சூரியன் போய் ஆறு நாள்.
திரும்பி வர ஜனவரி பாதி தாண்டும்.
அச்சைச் சரிபார்க்க
வடக்கு ஜன்னலடிக்குப் போகச் சொல்கிறது கையேடு.
எங்கள் வடக்கு ஜன்னலில்
பாரென்ட்ஸ் கடல் மட்டும் இருக்கிறது,
அதுவும் சத்தமாக.

ஓட்பியோர்க் கேட்டது ஒரே ஒரு படம்.
அவளுடைய நண்டுப் படகின் மேல்தளம், இரவு,
கூண்டு ஏறும் நேரம்.
மானிட்டரில் எல்லாம் இருந்தது:
கயிற்றின் முறுக்கு,
கூண்டுக் கம்பியில் உறைந்த உப்பு,
இடது மூலை இருட்டில்
கயிற்றைப் பிடித்த ஒரு கை,
கைக்குப் பின்னால் தொப்பி,
தொப்பிக்குக் கீழே பாதிச் சிரிப்பு.

தாளில் கை இல்லை.
தொப்பி இல்லை.
அந்த மூலை முழுக்க மை,
விலையுயர்ந்த மை,
காய்ந்தும் ஈரம்போல் கிடந்தது.

திரை தானே எரிகிறது.
தாளோ தன்மேல் விழுந்ததைத்தான் திருப்பிக் கொடுக்கும்,
அதிலும் கொஞ்சம் பிடித்துக்கொண்டு,
வட்டிக்கடைக்காரன் மாதிரி.

திரையின் வெளிச்சத்தை
மெழுகுவத்திக் கணக்கில் அளக்கிறார்கள்.
என்னுடையது நூற்றெழுபதில் நின்றது.
ஒரு தேவாலயத்தையே மேசைமேல் ஏற்றி வைத்து
எதிரே ஒரு காகிதத்தை நிறுத்தி
ஏன் இருண்டிருக்கிறாய் என்று
இரண்டு வாரமாக அதட்டியிருக்கிறேன்.
ஒவ்வொன்றாக ஊதி அணைத்தேன்.
எண்பது.

அடுத்து அந்தச் சின்னக் கட்டம்:
தாளின் வெண்மையைக் காட்டு.
அதை அழுத்தும்போது திரையைப் பார்க்காதே என்பார்கள்.
பார்த்தேன்.
வெள்ளை சட்டென்று பழுத்தது,
கறுப்பு சாம்பலில் புரண்டு எழுந்தது,
படம் முழுக்க ஜுரம் கண்ட முகம்.
வெளுத்ததெல்லாம் பால் என்றிருந்த கண்ணுக்கு
பருத்தித் தாளின் வெள்ளை
வெறும் கஞ்சித் தெளிவு.
மறுமுறை ஹீட்டர் பக்கம் திரும்பிப்
பத்து எண்ணிவிட்டு வந்தேன்.
எப்போதும் இப்படித்தான் இருந்தது போல
அமைதியாக இருந்தது.

கீற்றுக் கீற்றாக அடித்தேன்.
முதலாவது குழல் விளக்கில் பாசி பிடித்தது.
இரண்டாவது அடுப்படி பல்பில் கன்றிச் சிவந்தது.
மூன்றாவது இருட்டு, குப்பைக்கு.
நான்கு, ஐந்து, ஆறு
எனக்கே நினைவில்லை.
ஏழாவதில் கை வந்தது, தொப்பி வந்தது,
பாதிச் சிரிப்பு அப்படியே வந்தது.
திரையோரம் பிடித்துப் பார்த்தேன்:
இரட்டைப் பிள்ளைகள்.

ஓட்பியோர்க் பூட்ஸில் பனியோடு வந்தாள்.
திரைப் பக்கம் திரும்பவே இல்லை.
ஏழாவதை மேசை விளக்கில் பிடித்தாள்,
அடுப்படியில் பிடித்தாள்,
போன் வெளிச்சத்தில் பிடித்தாள்,
பிறகு குனிந்து
குப்பைக்கூடையைக் கிளறினாள்.
மூன்றாவதைச் சாய்த்தால்
விரல் மூன்று தெரிகிறது,
சாய்க்காவிட்டால் அதுவும் இல்லை.

"இதைப் பெரிதாகப் போடு."

மானிட்டரில் இருப்பது இது இல்லையே என்றேன்.

"என் சுவரில் மானிட்டரா மாட்டப்போகிறேன்?"
கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னாள்:
"அவன் இப்போது பெர்கனில்,
ஒரு பல் டாக்டரம்மாவோடு.
சிரிப்பு வேண்டாம்.
விரல் இருக்கட்டும்,
அன்றைக்குக் கூண்டை அவனும்தான் இழுத்தான்."

பதினொன்றரைக்கு
தெருவில் அந்த அரைமணி நேர நீலம் வந்தது.
சும்மாதான், ஏழாவதை ஜன்னலுக்குக் கொண்டுபோனேன்.
சிரிப்பு கொஞ்சம் ஊதாவாக இருந்தது.

பில்லில் நான்கு கீற்றுக்கு மை போட்டேன்.
மூன்றை விட்டுவிட்டேன்.