இறங்கிப் பார்த்தல்

ரெஜைனாவுக்கு வெளியே ஒரு சரக்குக் கிடங்கின் பின்முற்றம்.
விடிய நாலு மணி. மைனஸ் முப்பத்தொன்று.
ஏழாம் இலக்கக் கதவு.
இடப்பக்கம் ஒரு லொறி, வலப்பக்கம் ஒரு லொறி,
நடுவில் எனக்கென்று விட்டிருக்கிற இருட்டு.
அதற்குள் ஐம்பத்துமூன்று அடிப் பெட்டியைப்
பின்னோக்கிச் செருக வேண்டும்.

பெட்டி வலம் போக, சக்கரத்தை இடம் திருப்ப வேணும்.
முதல் கிழமை முழுக்கக் கை என் பேச்சைக் கேட்கவில்லை.
ஆரஞ்சுக் கூம்புகளை ஒவ்வொன்றாய்ச் சாய்த்தேன்.
"தவமலர், இன்றைக்கு எத்தனை கொலை?" என்பான்
கூடப் படித்த ஹர்பிந்தர்.
சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்,
குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன்.

பரீட்சை இரண்டு தரம் போச்சு.
"உனக்கேன் இந்த வேலை" என்பதை
கோப்பையை நகர்த்தி வைக்கிற சத்தத்தில் சொன்னார் அவர்.
அதைவிட உரக்க
நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அவருக்குக் கேட்டிராது.
நாற்பத்தாறு வயது.
பதினொரு வருஷம் கோழி ஆலையில் கத்தி பிடித்த கை.
முன்னால் ஆரும் வந்தால்
சைக்கிளைவிட்டு இறங்கி நின்று வழி விடுகிறவள் நான்.

அந்த ராத்திரிதான் கையேட்டில் கண்ணில் பட்டது:
சந்தேகமா, நிறுத்து. இறங்கு. போய்ப் பார்.
மூன்று முறை வாசித்தேன்.
என் கோழைத்தனத்தை
ஆரோ விதியாக எழுதி, இலக்கமும் போட்டு வைத்திருக்கிறார்கள்!

மூன்றாம் தரம்,
பரிசோதகர் டோரீன் கடிகாரத்தைப் பார்க்கப் பார்க்க
இறங்கினேன்.

இப்போதும் கண்ணாடிக்குள்
பக்கத்து லொறி என்மேல் சாய்ந்து வருகிறது.
இடிக்கப் போகிறாய் என்கிறது நெஞ்சு.
பொறு, பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.
பிரேக்கை இழுக்க, காற்றுச் சீறி அடங்குகிறது.
பனி நொறுங்க நடந்து போய்
மூலைக்கும் மூலைக்கும் நடுவே
சப்பாத்தால் அடிவைத்து அளக்கிறேன்.

நாலு பாதம்.
இல்லை என்று நான் நடுங்கிய இடம்
நாலு பாதம் இருக்கிறது.

ஏறுகிறேன். இடம் திருப்பி, கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.
திரும்ப இறங்குகிறேன். இரண்டரை.
ஏறுகிறேன்.
ரப்பர் கட்டையில் மெத்தென்று முட்டி
முழு வண்டியும் ஒருதரம் மூச்சு விடுகிறது.

கதவை உயர்த்துகிற கிடங்குப் பையன்
என் காலடித் தடங்களைப் பார்க்கிறான்,
போய், வந்து, போய், வந்து.
"ஏதும் தொலைத்துவிட்டீர்களா?"

இல்லையப்பா என்று
கையெழுத்துப் போட
உறைந்த பேனாவை வாயால் ஊதுகிறேன்.