கூப்பிட்டுப் பார்த்தது

தடுப்பூசி அட்டையில் இன்னமும்
‘சோலைமணி குழந்தை, ஆண்,
இரண்டு கிலோ எழுநூறு.’
மூன்று மாசமாய் இவ்வளவுதான் இவன்.

பேரென்ன என்று கேட்கிறவர்களுக்கு
‘பார்த்துக்கிட்டிருக்கோம்’ என்கிறேன்,
வாடகைக்கு வீடு பார்க்கிற மாதிரி.
பழங்காநத்தத்தில் வீடு பார்த்தபோதும்
முதலில் பேரைத்தான் கேட்டார்கள்.
அப்புறம் மாமனார் பேர்.
அப்புறம் ஊர்.
அப்புறம், தங்கச்சி மகளுக்குப் பேசி முடிச்சாச்சாம்.

மாமனார் பேர் பிச்சை.
கூட மாடு மேய்த்தவர்கள் அமாவாசை, மண்ணாங்கட்டி.
பெற்றவர்கள் வைத்த பேர் வேறாம்.
மேய்க்கிற பயலுக்கு எதுக்கு அத்தனை நீளம் என்று
பண்ணையில் வெட்டிவிட்டார்கள்.
முழுப் பேர் என்னவென்று
இப்போது அவருக்கே ஞாபகமில்லை.

பண்ணைக்காரர் பேர் தர்மபூபதி.

‘அதையே வைப்போம்’ என்றார் இவர்,
பணிமனையிலிருந்து வந்து
சோப்புத்தூள் போட்டுக் கைக்கிரீஸைத் தேய்த்துக்கொண்டே.
‘மூக்கு ஒழுகுதுடா தர்மபூபதின்னு
தெருவுல நின்னு நீ கத்தணும்.’

சிரிப்பு வந்தது எனக்கு.
ராத்திரி துணி மாற்றும்போது
மெதுவாய்ச் சொல்லிப் பார்த்தேன்:
மறுபடி நனைச்சுட்டியா தர்மபூபதி.
இனித்தது.
பொய் சொல்ல மாட்டேன்.

மாமனாரிடம் போனில் சொன்னபோது
அந்தப் பக்கம் இருமல்கூட இல்லை.
ரொம்ப நேரம் கழித்துக் கேட்டார்:
‘திருவிழாவுக்குத் தூக்கிட்டு வருவீங்கல்ல,
அப்ப எப்படிக் கூப்புடுவீங்க?’

பேரை எழுதிப் பார்த்தால் தெரியாது.
கத்திப் பார்க்கணும்.

மாட்டுத்தாவணியில் ஏறி மேலூரில் மாறி
ஊர் விலக்கில் இறங்கினோம்.
மாமனார் வந்து நின்றிருந்தார்.
டீக்கடை முன்னால் பிள்ளை வீறிட்டான்.
பையைத் தூக்கிக்கொண்டு இவர் முன்னே போய்விட்டார்.
‘அழாதடா தர்மபூபதி’ என்றேன்.
நினைத்ததைவிடக் குரல் பெரிதாய் வந்துவிட்டது.

இவன் திரும்பவில்லை.
பெஞ்சில் இருந்த கிழவர் திரும்பினார்.
காது மந்தம், ஒரு கண்ணில் வெள்ளை.
‘என்ன தாயி, கூப்ட்டியா?’

வடைச்சட்டி மட்டும் சத்தம் போட்டது.
மாமனாரின் தோள்துண்டு
யாரும் சொல்லாமலே இடுப்புக்கு இறங்கியது.
போய்க்கொண்டிருந்த பைக் ஒன்று காலூன்றி நின்றது.
‘இல்லீங்க, பிள்ளையத்தான்’ என்றது என் வாய்.
‘அப்படியா. பேரென்ன வச்சிருக்க?’
‘இன்னும் வைக்கல.’

திரும்பும்போது பஸ்ஸில் இவர் பேசவே இல்லை.
யானைமலை ஜன்னலுக்கு வந்தபோது
‘பயந்துட்ட’ என்றார்.

பயந்தேன்தான்.
ஆனால் அது மட்டுமில்லை.
என் பிள்ளையைக் கூப்பிட்டேன்,
யார் திரும்பினது?
தொட்டிலுக்குள், மூத்திரத்துணி வாசத்துக்குள்
அந்த ஆள் எதுக்கு?
எறியணும்னா கல்லை எடுத்து எறியுங்க,
இவனை எறியாதீங்க.
இதைச் சொன்னேனா, நினைத்தேனா, தெரியவில்லை.

ஒத்தக்கடை தாண்டியபிறகு
‘பின்ன, எங்கப்பா மாதிரி ரெண்டு எழுத்தா?’ என்றார்.
‘நீளமா வைப்போம்.
எவனும் வெட்ட முடியாததா.’
‘அப்படி ஒரு பேர் இருக்கா?’
எனக்கும் தெரியவில்லை.

நேற்று மூன்றாவது ஊசி.
வரிசையைப் பார்த்து நர்ஸ் கூப்பிட்டார்,
‘சோலைமணி குழந்தை!’
மடியில் கிடந்தவன்
தலையைத் திருப்பினான்,
தன்னைத்தான் என்கிற மாதிரி.
‘இன்னுமாம்மா பேர் வைக்கல?’

அட்டையில் அந்தக் கட்டத்தை
விரல் வைத்து அளந்தேன்.
மூணு விரல்கடை.
நீளமான பேரென்றால்
கொஞ்சம் நெருக்கித்தான் எழுதணும்.