ஜே

செவ்வாய்க்கிழமை எதையும் தொடங்காதே என்பார்கள்
நம் பக்கத்தில்.
கார்லைலில் அவளிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை.
பிஸ்கட் கம்பெனி விட்டுக்கொடுத்ததே அந்த ஒரு கிழமையைத்தான்:
வாரம் ஒரு நாள் கல்லூரி, இரண்டு வருஷம்,
முடிவில் மின்பொறியியல் சான்றிதழ், டெக்னீஷியன் நிலை.
ஹெஸ்டர் இஸ்மே. வயது முப்பத்தெட்டு.
எத்தனை குளித்தாலும்
தலைமுடியில் இஞ்சி பிஸ்கட் வாசனை.

பாடம் எடுக்கும் மொசப்புக்கு இருபத்தாறு.
மூன்றாம் வாரம் பலகையில் எழுதினான்:
மைனஸ் ஒன்றின் வர்க்கமூலம்.
"அப்படி ஒன்று கிடையாதே" என்றாள்.
"கிடையாது. அதனால்தான் பேர் வைத்திருக்கிறோம்."
கணக்குக்காரர்கள் அதை ஐ என்பார்களாம்.
மின்காரர்களுக்கு ஐ என்றால் கரண்ட்,
அந்த எழுத்து ஏற்கெனவே வேலையில் இருக்கிறது.
ஆகவே வரிசையில் அடுத்து நின்ற ஜே.

கற்பனை எண்.
பின்பெஞ்சில் ரஃபர்ட்டி தூங்கினான்,
இரவு ஷிப்ட் முடித்து நேரே வந்தவன்,
கன்னத்தில் கால்குலேட்டர் பொத்தான்கள் பதிந்திருந்தன.
ஸ்பிக்னியெவ் மட்டும் தலையாட்டினான்.
போலந்தில் ஒரு தடவை படித்தாயிற்று,
அந்தக் காகிதம் இங்கே செல்லவில்லை.

ஜே என்றால் திரும்பு.
தொண்ணூறு டிகிரி, இடப்பக்கம்.
இரண்டு தரம் திரும்பினால்
வந்த வழியையே பார்த்து நிற்பாய்.
பேருந்தைத் தவறவிட்ட மழையில் நடந்தே பார்த்தாள்:
பேக்கரி முனையில் ஒரு ஜே,
மூடிக்கிடந்த வங்கியருகே ஒன்று,
சர்ச், பெட்ரோல் பங்க்,
நான்காவதில் புறப்பட்ட இடம்.
"சுற்றிச் சுற்றி அதே தெருதானே"
என்றான் நெவில், சோபாவிலிருந்து.
அவளிடம் பதில் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய தேர்வில்
நாற்பதுக்குப் பதினொன்று.
கழிப்பறையில் இரண்டு நிமிஷம் அழுதாள்.
மூன்றாவது நிமிஷம் லேபுக்குப் போனாள்,
லேபில் அவளை அடிக்க ஆளில்லை.

பிப்ரவரியில் ரஃபர்ட்டி நின்றுவிட்டான்.
அவன் நாற்காலியில் யார்யாரோ கோட்டை மாட்டினார்கள்.

மூன்றாம் அடுப்பின் விசிறி மோட்டார்.
கிளாம்ப் மீட்டர் இருபத்தொன்பது ஆம்பியர் என்றது.
"மீட்டர் பழுது" என்றான் ஸ்டோபார்ட்.
பேனலில் பார்த்தால் பன்னிரண்டு கிலோவாட்தான்.
அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து
முக்கோணம் போட்டாள்.
அடிப்பக்கம் பன்னிரண்டு, விசிறியைச் சுற்றுவது.
சாய்பக்கம் இருபது, கேபிள் சுமப்பது.
நிமிர்ந்து நிற்கும் பதினாறு
ஒரு பிஸ்கட்டையும் வேகவைக்காது.
போகும், வரும், போகும், வரும்,
எங்கேயும் போய்ச் சேராது.
ஆனால் அது இல்லாமல் காந்தம் பிடிக்காது,
காந்தம் பிடிக்காமல் மோட்டார் நகராது.
அதற்கு முன்னால்தான் ஜே.

கேபிள்மேல் புறங்கையை வைத்தாள்.
கற்பனைதான்.
செம்பு சுட்டது.

மின்தேக்கிப் பெட்டியைத் திறந்தால் இரண்டு ஃபியூஸ் போயிருந்தன,
எத்தனை மாதமாகவோ.
மாற்றினாள். பத்தொன்பது ஆம்பியர்.
ஸ்டோபார்ட் மீட்டரை ஒரு தட்டு தட்டினான்.
"இப்போ சரியாயிடுச்சு பார், மீட்டர்."

அன்றிரவு நெவில் தூங்கியபின்
அட்டையைப் படமெடுத்து ரஃபர்ட்டிக்கு அனுப்பினாள்.
ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.
மூன்று நாள் சத்தமில்லை.
நாலாம் நாள் விடியற்காலை நாலு பத்துக்கு,
ஷிப்டின் நடுவே இருக்க வேண்டும், ஒரு வரி:
*பதினாறுக்கு அலகு தப்பு. கேவிஏ இல்லை, கேவிஏஆர்.
இதுக்கு மொசப் ரெண்டு மார்க் வெட்டுவான்.*

குளிரில் எழுந்து
சமையலறை விளக்கைப் போட்டாள்.
அட்டையில் இடம் இல்லை,
ஜாம் கறைமேல்தான் எழுத முடிந்தது
அந்த ஆர்.