கணக்குப்பிள்ளை

அகமதி கோவிலில் வெள்ளிக்கிழமை தமிழ்ப் பூசை.
மங்காஃப் முகாமிலிருந்து வேனுக்கு ஆளுக்கு அரை தினார்.
செப்டம்பர் கடைசி. மதிய வேலைத் தடை முடிந்துவிட்டது.
வெயிலுக்குத்தான் யாரும் அதைச் சொல்லவில்லை.

அன்றைய நற்செய்தி திராட்சைத் தோட்டம்.
விடியலில் வந்தவனுக்கும்
பொழுது சாய வந்தவனுக்கும் ஒரே கூலி.
தெனாரியம் என்று வாசித்தார் சாமியார்.
தினார் என்று விழுந்தது என் காதில்.

முன்வரிசையில் இரவு வேலை முடித்து வந்த நர்ஸ் பெண்கள்
பிரசங்கம் முழுக்கத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்,
ஆமோதித்தா உறங்கியா, தெரியவில்லை.

நான் டைம்கீப்பர்.
பத்தொன்பது வருடமாக
மனிதர்களை மணிகளாக எழுதுகிறவன்.
இந்த உவமை வரும்போதெல்லாம்
எனக்கு வயிற்றைப் பிசையும்.
இப்படி ஒரு முதலாளிக்கு
எந்தத் தாளில் கணக்கு எழுதுவது?

இந்த முறை ஒன்று புதிதாகக் கேட்டது.
அவர் தம் கையால் கூலி கொடுக்கவில்லை.
மேற்பார்வையாளனைக் கூப்பிடுகிறார்,
கடைசி ஆளிலிருந்து ஆரம்பி என்கிறார்.
அவனுக்குப் பெயர் இல்லை.
முணுமுணுத்தவர்களுக்கு ஒரு வசனம் உண்டு,
முதலாளிக்குப் பதில் உண்டு,
பணப்பையைப் பிடித்தவனுக்கு ஒரு சொல்கூட இல்லை.

ஆண்டவரே,
உம்முடைய கதைக்குள் என்னை
இப்போதுதான் பார்த்தேன்.

அவனும் காலையிலிருந்து எண்ணித்தானே இருப்பான்,
இவன் இத்தனை கூடை, அவன் இத்தனை என்று.
முதல் காசை நீட்டும்போது
உம்மைத் திரும்பிப் பார்த்தானா,
சரியாகத்தான் சொன்னீரா என்று?

புதன்கிழமை தில் பகதூர்
கைரேகை அலுவலக வரிசையில் பகலெல்லாம் நின்று
நான்கு மணிக்கு சைட்டுக்கு வந்தான்.
இரண்டு என்று எழுதினேன்.
தவறில்லை. நின்றதற்கு
என் தாளில் கட்டம் கிடையாது.
எட்டிப் பார்த்தான், தலையசைத்தான்,
ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினான்.

சந்தைவெளியில் நாள் முழுக்க ஏன் சும்மா நிற்கிறீர்கள்?
எங்களை யாரும் கூப்பிடவில்லை.
அந்தப் பதில் எனக்குத் தெரியும்.
வந்த புதிதில் ஃபஹாஹீல் ரவுண்டானாவில்
முப்பத்தொரு நாள் அதை வாயில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்,
கேட்கத்தான் ஆளில்லை.
வேலையைவிடக் கால் வலித்தது அப்போதுதான்.

சனிக்கிழமை தாளைத் திறந்தேன்.
இரண்டை எட்டாக்கவில்லை.
தோட்டமும் என்னுடையதில்லை, காசும் என்னுடையதில்லை.
கைரேகைக்குப் போன நேரம் சேருமா என்று
ஆபீசுக்கு ஒரு கடிதம் போட்டேன்.
பதில் இன்னும் வரவில்லை.

பத்து மணிக்கு லபான் பெட்டி வந்தது.
எப்போதும் முன்னால் நிற்பது கம்பி கட்டுகிற கோஷ்டி;
ஐஸ் அவர்களுக்கு, வாலில் நிற்பவர்களுக்கு வெந்நீர்.
ஏனென்று யோசிக்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு
வரிசையின் கடைசிக்கு நடந்தேன்.
"என்ன ஓய், வால்ல இருந்து ஆரம்பிக்கீரு?"
ஃபோர்மேன் மத்தியாஸ், குளச்சல்காரன்,
வேதத்தில் உள்ளபடியே முணுமுணுத்தான்.

தில் பகதூர் வாங்கினான்.
திறக்காமல்,
பின்கழுத்தில் வைத்து அழுத்திக்கொண்டே நின்றான்.
எவ்வளவு நேரம் என்று நான் குறிக்கவில்லை.

மத்தியாசுக்குக் கிடைத்தது கொதித்துப்போன ஒன்று.
எனக்கு ஒன்றுமில்லை.
கணக்குப்படி ஒன்று மிஞ்சியிருக்க வேண்டும்;
யாரோ இரண்டு எடுத்திருக்கிறார்கள்.
யாரென்று கேட்க
வாயைத் திறந்தேன், ஆண்டவரே,
திறந்தது உண்மை.

அப்புறம் தூசி அடித்தது. மூடிக்கொண்டேன்.